மேஸ்திரியின் காது

1989 மே மாதம். கோவை கணபதியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அம்மா வடகம் பிழிந்து காய வைத்திருந்தார். அதே வெள்ளை வேட்டியின் ஓரத்தில், ஒரு சோப்பு டப்பா மூடிக்குள், 24 கால் உள்ள ஒரு சிப்பும் காய்ந்துகொண்டிருந்தது. 2716 என்பது அதன் எண். முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே எழுதியதெல்லாம் அழியும். அதற்கென்று விளக்கு வைத்த பெட்டி இருந்தால் 20 நிமிட வேலை. என்னிடம் பெட்டி இல்லை. நேர் வெயிலில் வைத்தால் ஒரு வாரம் ஆகும் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருந்தது. அதை நம்பி வைத்தேன். வடகம் மூன்று நாளில் காய்ந்தது. சிப் எட்டாம் நாள்தான் அழிந்தது.

அந்த எட்டு நாளும் ஒரே ஓர் எண்ணை மாற்றுவதற்காக. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது பிளக்கில் நெருப்பு 30 டிகிரி முன்னால் விழுந்துகொண்டிருந்தது. அதை 28 ஆக்க வேண்டும். அவ்வளவுதான்.

போன மாதம் அதே போன்ற ஓர் எண்ணை மறுபடியும் மாற்றினேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. லேப்டாப்பில் கட்டத்தைத் தொட்டு 30ஐ 28 ஆக்கினேன். விரலை எடுப்பதற்குள் இன்ஜினின் சத்தம் மாறிவிட்டது. வெயில் வேண்டியிருக்கவில்லை, வேட்டியும் வேண்டியிருக்கவில்லை. நான் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த என் தங்கை மகன், “என்னாச்சு மாமா?” என்று கேட்டான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் காலத்து வண்டி என் மாமாவுடையது. 1979 மாடல் பிரீமியர் பத்மினி. இத்தாலியில் டூரின் நகரத்து ஃபியட் கம்பெனி வடிவமைத்த 1100, பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆலையில் தயாரானது. 1,089 சி.சி., நான்கு சிலிண்டர். மாமாவுக்குப் பஞ்சு வியாபாரம். திருப்பூர், உடுமலை, பொள்ளாச்சி என்று நாளெல்லாம் வண்டியிலேயே இருப்பார். நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டிதான் எனக்கு உலகம்.

அன்றைய கார்களின் டிஸ்ட்ரிபியூட்டரை உள்ளே பார்த்தவர்கள் இன்று குறைந்துகொண்டே வருகிறார்கள். கறுப்பு மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளி எடுத்தால் ரோட்டார். அதையும் உருவினால் அடியில் பாயிண்ட். டங்ஸ்டன் முனை வைத்த இரண்டு சிறு பொட்டுகள். நடுவில் சுழலும் நாலு மூலை கேம் ஒவ்வொரு மூலையிலும் ஒரு ஃபைபர் குதியைத் தள்ள, பொட்டுகள் பிரியும். பிரிகிற அந்த நொடியில் காயிலுக்குள் ஓடிக்கொண்டிருந்த மூன்று நான்கு ஆம்பியர் கரண்ட் அறுபடும். அறுபட்ட வேகத்தில் காயிலின் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்குக்குப் பாயும். 1910இல் காடிலாக் காருக்காகச் சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த ஏற்பாடு இது. பல பத்தாண்டுகள் உலகத்தின் பெரும்பாலான கார்கள் அதில்தான் ஓடின.

நான்கு சிலிண்டர் இன்ஜின் 3,000 சுற்றில் ஓடினால் அந்தப் பொட்டுகள் நொடிக்கு 100 தடவை பிரிந்து சேரும். பொள்ளாச்சி போகும் ஒரு மணி நேரத்தில் 3,60,000 தடவை. ஒவ்வொரு தடவையும் சிறு பொறி. ஒரு பொட்டில் குழி விழும், மற்றதில் மேடு கட்டும். மாமாவின் வண்டியைப் பார்க்கும் பட்டறை மேஸ்திரி உப்புத்தாளை இரண்டாக மடித்து நடுவில் விட்டு இழுப்பார். ஃபீலர் கேஜ் கையில் இல்லாவிட்டால் சிகரெட் பெட்டி அட்டையை நுழைத்து இடைவெளி வைப்பார். பிறகு டைமிங். 12 வோல்ட் பல்பின் ஒரு வயரைக் காயிலின் முனையிலும் மற்றதை பாடியிலும் பிடித்துக்கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, இரண்டே விரலால் திருகுவார். பல்பு எந்த இடத்தில் எரிகிறதோ அந்த இடத்தில் நிறுத்தி போல்ட்டை முறுக்கிவிடுவார். பிறகு வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, மயிரிழை அளவு மறுபடி திருப்புவார். அந்த மயிரிழை எங்கிருந்து வந்தது என்று நான் அப்போது கேட்டதில்லை.

ஃபைபர் குதி தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் நெருப்பு தாமதமாகும். இழுவை போகும், பெட்ரோல் குடிக்கும், இன்ஜின் சூடேறும். மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாமா பட்டறையில் நிற்க வேண்டியிருந்தது. இதை ஒழித்துக்கட்டுகிறேன் என்று நான் கிளம்பினேன். அப்போது எனக்கு 23 வயது.

முதலில் செய்தது எல்லோரும் செய்ததுதான். பாயிண்ட்டுக்குச் சின்னக் கரண்ட்டை மட்டும் கொடுத்து, காயிலின் பெரிய கரண்ட்டை ஒரு டிரான்சிஸ்டர் வெட்டுமாறு சர்க்யூட் போட்டேன். அமெரிக்காவில் பான்டியாக் கார்களில் இது 1963லேயே வந்துவிட்டது. எங்கள் ஊரில் எளிதாகக் கிடைத்த பெரிய டிரான்சிஸ்டர் 2என்3055. அது 60 வோல்ட்தான் தாங்கும். காயிலின் கரண்ட் அறுபடும்போது அதன் பிரைமரி வைண்டிங்கிலேயே சுமார் 300 வோல்ட் எகிறும். சாவியைத் திருப்பிய சில நிமிடங்களுக்குள் டிரான்சிஸ்டர் போய்விட்டது. ஒரு டிவி மெக்கானிக்தான் வழி சொன்னார். கலர் டிவியின் படக்குழாயை ஓட்டுகிற பியு208 இந்த வேலைக்குத் தாங்கும் என்றார். தாங்கியது. பாயிண்ட் கரிவது நின்றது. ஸ்டார்ட்டிங் ஒரே தட்டில் வந்தது. மாமாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

எனக்கு அந்த மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. நெருப்பு பலமாக விழுந்தது, ஆனால் சரியான நேரத்தில் விழவில்லை. குதி தேய்ந்துகொண்டேதான் இருந்தது. பாயிண்ட் தட்டுக்கு அடியில் இரண்டு எடைக்கட்டைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கும். வேகம் கூடக்கூட எடைகள் விரிந்து நெருப்பை முன்னால் தள்ள வேண்டும். பத்து வருட வண்டியில் ஒரு ஸ்பிரிங் தொளதொளத்துப் போயிருந்தது, ஒரு எடை துருவில் ஒட்டியிருந்தது. இன்ஜினின் மூளையே அந்தத் துருப்பிடித்த இரண்டு கட்டைகள்தான் என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

நெருப்பு ஏன் முன்னால் விழ வேண்டும் என்பதை மாமாவுக்கு விளக்க முயன்றபோது அவரே எனக்கு அழகாக விளக்கிவிட்டார். அவர் மார்கழிக் கச்சேரிகளை விடாதவர். நான் சொன்னது இதுதான். சிலிண்டருக்குள் பெட்ரோல் காற்று சட்டென்று வெடித்துவிடாது. தீ பரவ நேரம் வேண்டும். நெருப்பு விழுந்து அழுத்தம் உச்சத்துக்கு வர ஏறக்குறைய இரண்டு மில்லிசெகண்ட். பிஸ்டன் உச்சியைத் தாண்டி 10, 15 டிகிரி இறங்கும்போது அந்த அழுத்தம் அதன் தலையில் விழ வேண்டும். இன்ஜின் 1,000 சுற்றில் ஓடினால் இரண்டு மில்லிசெகண்டில் 12 டிகிரி திரும்பும். 3,000 சுற்றில் 36 டிகிரி திரும்பிவிடும். ஆகவே வேகம் கூடினால் நெருப்பை முன்கூட்டியே போட வேண்டும். மாமா கேட்டுவிட்டு, “அதீத எடுப்புன்னு சொல்லு” என்றார். தாளம் விழும் முன்பே பாட்டை எடுப்பது அதீதம். “முன்னாலயே எடுத்தாத்தான் சமத்துல வந்து உக்காரும். ரொம்ப முன்னால எடுத்துட்டா தாளமே கெட்டுப்போகும், இல்லியா மாப்ளே?” அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ரொம்ப முன்னால் எடுத்தால் நாக்கிங். மீதி இருக்கும் பெட்ரோல் காற்று தானாகவே ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டு சிலிண்டர் சுவரை மணியடிப்பது போல் அடிக்கும். அன்றைய 87 ஆக்டேன் பெட்ரோலில் அது எப்போதும் கூடவே வருகிற ஆபத்து.

கல்லூரி நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டியதில் தெரிந்தது, இந்த எடைக்கட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டு மைக்ரோ பிராசஸர் வைத்து டைமிங் போடுவது 1977லேயே ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோவில் வந்துவிட்டது என்று. 1979இல் பாஷின் மோட்ரானிக், பிஎம்டபிள்யூ 732ஐ காரில் நெருப்பையும் பெட்ரோலையும் சேர்த்தே கவனித்தது. நம் ஊரில் பத்து வருடம் கழித்தும் எடைக்கட்டை. நான் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

இரண்டு பயணத்தில் சேர்த்தவை இவை: மைக்ரோ கன்ட்ரோலரான இன்டெல் 8031 ஒன்று, அதோடு சேர்கிற 74எல்எஸ்373, 2716 இரண்டு, வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஏடிசி0809 ஒன்று, 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், காந்தப்புலத்தை உணரும், கேட்டுக் கேட்டு ஒரே கடையில் கிடைத்த ஹால் சென்சார். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் 8031இன் கவுன்டர் சரியாக மைக்ரோசெகண்டுக்கு ஒன்றாக எண்ணும். என் கனவுக்கு அந்த ஒரு வசதி போதும். 3,000 சுற்றில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப 56 மைக்ரோசெகண்ட். ஸ்பிரிங்கும் துருவும் கனவில்கூடத் தொட முடியாத நுணுக்கம் அது.

தெரு முனை லேத்தில் ஒரு இரும்புத் தட்டு கடைந்து கிராங்க் புல்லியில் மாட்டினேன். தட்டில் எதிரெதிராக இரண்டு இறக்கைகள். ஓர் இறக்கை சென்சாருக்குள் நுழைவது பிஸ்டன் உச்சிக்கு 60 டிகிரி முன்னால், வெளியேறுவது 10 டிகிரி முன்னால். நுழைந்ததும் கணக்கு தொடங்கும். போன அரைச் சுற்றுக்கு எத்தனை மைக்ரோசெகண்ட் ஆனது? அப்படியானால் வேகம் என்ன? இந்த வேகத்துக்கு 28 டிகிரி என்றால், இன்னும் 32 டிகிரி திரும்ப எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? காத்திரு, வெட்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்கு இனி நான்கு பிளக்குக்கும் பங்கு போடுகிற வேலை மட்டும். அதன் வாக்குவம் டயாஃப்ரத்தை எடுத்து ஒரு வால்யூம் கன்ட்ரோலோடு இணைத்தேன். இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை ஏடிசி அதன் மூலம் தெரிந்துகொள்ளும். புரோகிராம் முழுவதையும் நோட்டில் எழுதி, கையாலேயே ஹெக்ஸ் எண்களாக மாற்றி, தெரிந்தவர் ஒருவர் வேலை பார்த்த கல்லூரி லேபில் சிப்பில் ஏற்றினேன். எல்லாம் சேர்ந்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கியது.

முதல் நாள் சாவியைத் திருப்பினேன். ‘டொங்’ என்று ஒரு சத்தம், பானெட்டே அதிர்ந்தது. செல்ஃப் மோட்டாரின் பினியனில் இரண்டு பல் உடைந்து கீழே கிடந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று இரவுகள் ஆயின. 16 பிட் கவுன்டர் 65,536 வரைதான் எண்ணும், பிறகு பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். செல்ஃப் சுற்றும்போது இன்ஜின் 200 சுற்றில்தான் ஓடுகிறது. அரைச் சுற்றுக்கு 1,50,000 மைக்ரோசெகண்ட். கவுன்டர் இரண்டு முறை நிரம்பி வழிந்து, மூன்றாவது தடவை 18,928இல் நின்றது. என் பெட்டிக்கு அது 1,585 சுற்று. அந்த வேகத்துக்கான நெருப்பை, அந்த வேகத்துக்கான அவசரத்தில் போட்டிருக்கிறது. உண்மையில் பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 55 டிகிரி இருந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த பிஸ்டனை நெருப்பு பின்னால் உதைத்திருக்கிறது. கவுன்டர் வழிந்தால் கணக்கே போடாதே, இறக்கை வெளியேறும் 10 டிகிரியிலேயே நெருப்பைப் போடு என்று நாலு வரி சேர்த்தேன். மாடியில் இன்னொரு வடகக் காலம் அதற்காகத்தான். வேகத்தை அளக்கத் தெரிந்த பெட்டி, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த உடைந்த பல் எனக்குச் சொன்ன பாடம். இன்றும் எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் அந்த வரியைத்தான் எழுதுகிறேன்.

அடுத்த தொல்லை பிளக்கின் நெருப்பே. ஒவ்வொரு தடவை நெருப்பு விழும்போதும் அதன் மின் இரைச்சல் வயரில் ஏறி 8031ஐக் குழப்பியது. நடு ரோட்டில் பெட்டி தன்னை மறந்து நின்றுவிடும். டின்னை எர்த் செய்து, சென்சார் வயருக்குக் கவசம் போட்டு, ரெசிஸ்டர் வைத்த பிளக் கேப் மாட்டி, ஆப்டோகப்ளர் சேர்த்து, நாலு மாதம் போராடி அதை அடக்கினேன்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி மீதி இருந்தது. எந்த வேகத்துக்கு, எந்தப் பாரத்துக்கு எத்தனை டிகிரி? என் சிப்பில் 128 கட்டங்கள் இருந்தன. நிரப்புவதற்குச் சரியான எண்கள் என்னிடம் இல்லை. அதுவரை ஓட்டியது கம்பெனி மேனுவலில் இருந்த எடைக்கட்டைக்கான எண்ணை வைத்து. அது ஒரு சமரசம். என் பெட்டிக்கு வேண்டியது இன்ஜினே விரும்புகிற எண்.

மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். அவர் பிஸ்கட் டின்னை உள்ளும் புறமும் பார்த்தார். டிகிரியைக் காட்டும் சிவப்பு எண்கள் எரிவதைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “எல்லாஞ் சரிங்க தம்பி. இதுக்குக் காது இருக்குதுங்களா?”

இல்லை என்றேன்.

“அப்புறம் தட்டுறது இதுக்கு எப்படிங்க தெரியும்?”

அவரிடம் ஒன்றரை அடி நீளத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் உண்டு. மரப்பிடி. அதன் முனையை இன்ஜின் பிளாக்கில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். டேப்பட் சத்தம், செயின் சத்தம், வாட்டர் பம்ப் பேரிங் சத்தம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வார். என் கையிலும் கொடுத்துக் கேட்கச் சொன்னார். எனக்கு ஒரே இரைச்சல்தான் கேட்டது. “அவசரப்படாதீங்க. கூழாங்கல்லச் சொம்புல போட்டுக் குலுக்குனாப்பல ஒண்ணு வரும்” என்றார். பத்து நிமிடம் கழித்து அது வந்தது. ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு மறக்க முடியாத சத்தம் அது.

ஒரு வியாழக்கிழமை பட்டறைக்கு விடுமுறை விட்டுவிட்டு என்னோடு வந்தார். ஆழியாறில் தொடங்கி வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். இன்ஜினைச் சோதிக்க எங்கள் பக்கத்தில் அதைவிட நல்ல சாலை இல்லை. டேஷ்போர்டில் ஒரு திருகு வைத்திருந்தேன். அதைத் திருப்பினால் நெருப்பு எட்டு டிகிரி முன்னும் பின்னும் போகும். நான் ஓட்டினேன், அவர் திருகினார். அன்று ஸ்க்ரூ டிரைவர் இல்லை, ஜன்னலை இறக்கிவிட்டுப் பாறைச் சுவரில் மோதித் திரும்பும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். முன்னால் திருப்புவார், “தட்டுது” என்பார், சற்றுப் பின்னால் வருவார், “இந்த எடத்துல வெச்சுக்கலாங்க” என்பார். பின் சீட்டில் இருந்த மாமா அந்த எண்ணை கிராஃப் தாளில் பென்சிலால் குறிப்பார். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட்டில் நிறுத்தி, கீழே ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம். அதற்குள் 30 கட்டங்கள் நிரம்பியிருந்தன. மேலே போய், திரும்பி இறங்கி, மறு வாரம் பொள்ளாச்சி சமவெளியில் இன்னொரு நாள் ஓட்டி, மொத்தத்தையும் நிரப்பினோம்.

அந்தப் பெட்டி நாலு வருடம் ஓடியது. 1993இல் மாமா மாருதி வாங்கினார். பத்மினியை வாங்கியவரின் மெக்கானிக் பிஸ்கட் டின்னைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழையபடி பாயிண்ட் மாட்டிக்கொண்டார். தட்டும் டின்னும் கிராஃப் தாளும் என்னிடம் திரும்பி வந்தன.

இப்போது தங்கை மகன் 1984 மாடல் பத்மினி ஒன்றைப் பாலக்காட்டிலிருந்து வாங்கி வந்திருக்கிறான். வேறு வண்டி, அதே இன்ஜின். அவன் வைத்திருக்கும் பெட்டிக்கு ஸ்பீடுயினோ என்று பெயர். ஆர்டுயினோ பலகையின் மேல் ஓடுகிற, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு பொது வடிவமைப்பு. ஆர்டுயினோ 2005இல் பிறந்தது இவ்ரேயா என்கிற இத்தாலிய ஊரில். இவ்ரேயா டூரின் வட்டாரத்தைச் சேர்ந்தது. பத்மினியின் இன்ஜினும் அதற்குப் புதிதாக வந்த மூளையும் ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள் என்பதை அவனுக்கு நான்தான் சொன்னேன்.

என் இரண்டு இறக்கைத் தட்டு இருந்த இடத்தில் லேசரில் வெட்டிய பல் சக்கரம் இருக்கிறது. 36 பல்லுக்கான இடம், ஒன்று மட்டும் காலி. 10 டிகிரிக்கு ஒருமுறை கிராங்க் எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். கவுன்டர் வழியும் பேச்சே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரையே அடைத்துவிட்டான். இரண்டு காயில்கள், ஒவ்வொன்றும் இரண்டு பிளக்குக்கு. எனக்கு மூன்று வருடம் எடுத்ததை அவன் இரண்டு சனி ஞாயிறில் முடித்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். சாமான் இல்லாமல் திண்டாடியதில் எந்தப் புண்ணியமும் கிடையாது. ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறிய அந்த இரவுகளை அவனும் பட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவே மாட்டேன்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். அவனுடைய இன்னொரு வண்டி புதியது, பிஎஸ்-6. அதில் எல்லாம் இருக்கிறது, ஆனால் டைமிங் அட்டவணையைத் திறந்து பார்க்க வாங்கியவருக்கு வழி இல்லை. என் 23 வயதுக்கு அந்த வண்டி கிடைத்திருந்தால் நான் எதையும் கற்றிருக்க மாட்டேன். மேஸ்திரியின் பட்டறை இருந்த இடத்தில் இன்று மின்சார ஸ்கூட்டர் விற்கிறார்கள். அங்கே நெருப்பே தேவையில்லை. மேஸ்திரி 2011இல் காலமாகிவிட்டார்.

தங்கை மகன் பத்மினியின் பிளாக்கில் இன்னொன்றையும் முறுக்கியிருந்தான். நாணயம் அளவு வட்டமான ஒரு சாமான், நடுவில் போல்ட். நாக் சென்சார். உள்ளே ஒரு பீசோ கிரிஸ்டல், பிளாக்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும். 68 மில்லிமீட்டர் போர் உள்ள இந்த இன்ஜினில் நாக்கிங் சத்தம் ஏறக்குறைய 8,000 ஹெர்ட்ஸில் வரும். அந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பெட்டிக்குச் சொல்வது அதன் வேலை. ஸ்வீடனின் ஸாப் கம்பெனி 1982லேயே தன் டர்போ கார்களில் இதை வைத்துவிட்டது. மேஸ்திரி 1989இல் என்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் ஏழு வருடத்துக்கு முன்பே உலகத்தில் இருந்திருக்கிறது. அவர் ஸாப் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். இன்ஜினை அறிந்த இருவர் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சென்சாரின் சத்தத்தை ஹெட்போனில் கேட்கும்படி வைத்திருந்தான். ஆழியாறு ஏற்றத்தில் பாரம் ஏறும்போது, “இப்ப மாமா, இப்ப கேக்குதா?” என்றான். எனக்குக் கேட்கவில்லை. காது டாக்டர் போன வருடமே சொல்லியிருந்தார், மேல் ஸ்வரங்கள் எனக்குப் போய்விட்டன என்று. பம்ப் கம்பெனியில் முப்பது வருடம் இருந்தவனுக்கு அது இயல்பு. திரையில் சிவப்புக் கோடு எகிறுவது மட்டும் தெரிந்தது. ஒருமுறை கேட்டால் மறக்காத அந்தக் கூழாங்கல் சத்தம் நினைவில்தான் இருக்கிறது. நான் பையிலிருந்து கிராஃப் தாளை எடுத்தேன். மடிப்புகளில் கிழிந்திருந்தது. மாமாவின் பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

லே-பைகளில் வண்டியை நிறுத்தி நிறுத்தி, கட்டம் கட்டமாக ஒப்பிட்டோம். சென்சார் காட்டும் எல்லைக்கு ஒரு டிகிரி உள்ளே வைத்து அவன் நிரப்பியிருந்த புது அட்டவணை ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். பெரும்பாலான கட்டங்களில் புது எண் இரண்டு டிகிரி கூடுதல். அது பெட்ரோலால் வந்தது. அன்றைய 87 ஆக்டேன் எங்கே, 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் எங்கே. இந்தப் பெட்ரோல் நாக்கிங்கை அதிகம் தாங்கும். அந்த இரண்டைக் கழித்துவிட்டால் இரண்டு அட்டவணையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெரிய வித்தியாசம். 2,000 சுற்று, முழு பாரம். அதுதான் கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் திரும்பி ஏறும் கட்டம். அங்கே மட்டும் அவன் சமவெளியில் வைத்த 27 இருந்தது. தாளில் 22. சூடேறிய இன்ஜினோடு ஒன்பதாவது வளைவில் ஏறியபோது அந்தக் கட்டத்தில்தான் சிவப்புக் கோடு எகிறியது. அவன் 25 ஆக்கினான், கோடு குறைந்தது. 23 ஆக்கினான், ஒன்றிரண்டு தடவை எட்டிப் பார்த்தது. 22 ஆக்கினான். அதன் பிறகு நாற்பதாவது வளைவு வரை கோடு எழவில்லை.

அந்தக் கட்டத்தில் இப்போது 22தான் இருக்கிறது.